கரைக்கு வாடகை

லண்டனில் பாடிங்டன் ரயில் நிலையத்துக்கும் செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக்கும் பின்புறம், கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு நீண்ட நீர்த்துறை இருக்கிறது. பாடிங்டன் பேசின் என்று பெயர். 1801 ஜூலையில் கால்வாய்க் கிளை இங்கே வந்து சேர்ந்தபோது இது ஊரின் விளிம்பு. வைக்கோலும் செங்கல்லும் நிலக்கரியும் இறங்கிய இடம். இன்று அலுவலகங்களும் காபிக் கடைகளும் சூழ்ந்திருக்கின்றன. இந்தத் துறையில் படகைக் கட்டிவிட்டு இரவு தூங்க வேண்டுமானால் இணையத்தில் முன்பதிவு செய்து, இரவுக்கு இவ்வளவு என்று பணம் கட்டியாக வேண்டும். சில மைல் மேற்கே தள்ளிப் போனால் அதே தண்ணீர், அதே கரை, ஆனால் காசு கேட்க ஆள் வருவதில்லை.

இங்கிருந்து பர்மிங்காம் வரை நீள்வது கிராண்ட் யூனியன் கால்வாய். தேம்ஸ் நதியோரப் பிரென்ட்ஃபோர்டிலிருந்து அளந்தால் 137 மைல், 166 லாக். லாக் என்பது இருபுறமும் கதவுள்ள நீர்த்தொட்டி. படகை உள்ளே விட்டு, நீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் படி. வெவ்வேறு கம்பெனிகள் வெட்டிய கால்வாய்களை 1929இல் ஒரே பெயரின் கீழ் சேர்த்தார்கள். 1948இல் நாட்டுடைமை ஆயிற்று. 2012 முதல் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாகச் சுமார் 2,000 மைல் நீர்வழிக்கு அது பொறுப்பு. சரக்குப் படகுகளின் காலம் முடிந்துவிட்டது. ஏழடி அகலமும் எழுபதடி வரை நீளமும் கொண்ட நேரோபோட்டுகள் மிஞ்சின; அவை சிலருக்கு விடுமுறைச் சொகுசு, பலருக்கு வீடு.

படகு வைத்திருப்பவர் அறக்கட்டளையிடம் ஆண்டு உரிமம் வாங்க வேண்டும். ஓரளவு நீளமான படகென்றால் அது ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். அதற்கு மேல் இரண்டில் ஒன்று: படகுக்கு நிரந்தரமான கட்டுமிடம் ஒன்றைக் காட்ட வேண்டும், இல்லையேல் பயணம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிரந்தர இடமில்லாத படகு தக்க காரணமின்றி 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் தொடர்ந்து நிற்கக் கூடாது. அடுத்த இடம் எத்தனை தூரத்தில் தொடங்குகிறது என்பதைச் சட்டம் சொல்லவில்லை. வக்கீல்களுக்கு நல்ல பிழைப்பு.

கால்வாயின் ஒரு பக்கம், குதிரைகள் படகை இழுத்துப்போன இழுபாதை. அது பெரும்பாலும் அறக்கட்டளையின் பொறுப்பில் இருப்பது. இரும்பு முளையை மண்ணில் அடித்துக் கயிற்றைக் கட்டினால் ஆயிற்று. உரிமத்திலேயே அந்த இரவு அடங்கிவிட்டது. கூட்டம் சேரும் ஊர்களில் மட்டும் பலகை நட்டு 14 நாளை 7 நாளாகவோ 48 மணி நேரமாகவோ 24 மணி நேரமாகவோ குறைத்திருப்பார்கள். எதிர்க்கரை வேறு உலகம். அங்கே மெரினா எனும் படகு நிறுத்தகம், பண்ணை, மதுக்கடை, வீட்டுத் தோட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. மெரினாவில் முதல் இரவே பணம். வாரமாகவோ மாதமாகவோ எடுத்தால் நாள் கணக்கு குறைந்துவிடும். இழுபாதையிலோ முதல் நாட்கள் இலவசம். வரம்பு தாண்டினால் விலை திடீரென்று மேலே ஏறும். ஒரு கரைக்குப் படகு நகர்ந்தாக வேண்டும், மற்றதற்கு அது நிற்க வேண்டும். தற்காலிகக் கட்டணம் ஊருக்கு ஊர் மாறுகிறதே என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள். எந்தக் கரை என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும் என்பது என் கட்சி.

மற்றப் பாதிக்கு லண்டன் பொறுப்பு. 2012க்குப் பிறகான ஏழெட்டு ஆண்டுகளில் லண்டன் நீர்வழிகளில் படகுகள் ஏறத்தாழ இரட்டித்து, 2019இல் நாலாயிரத்தைத் தாண்டின. வீட்டு வாடகை துரத்தியவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். லிட்டில் வெனிஸ் குளத்தைத் தாண்டி மேற்கே வந்தால் படகோடு படகை அணைத்துக் கட்டி இரண்டு வரிசையாக நிற்கிறார்கள். வெளிப்படகுக்காரர் கரையேற உள்படகின் மேல்தட்டைத்தான் மிதித்துப் போக வேண்டும். இந்த நெரிசலுக்குப் பிறகுதான் இழுபாதைப் பக்கத்திலும் முதல் இரவுக்கே காசு என்ற ஏற்பாடு இங்கே வேரூன்றியது. முன்பதிவுக்கு ஒரு நியாயமும் உண்டு. மத்திய இங்கிலாந்திலிருந்து இரண்டு வாரம் ஓட்டி வருகிற விடுமுறைக் குடும்பத்துக்கு, தலைநகரில் ஒரு கயிறு கட்ட இடமிருக்கும் என்ற உறுதி தேவை. அந்த உறுதியைத்தான் விலைக்கு விற்கிறார்கள். கரையில் கூடுதலாக எதுவும் தரவில்லை என்று குறைசொல்வது சரியல்ல.

ஆல்பர்டனில் இழுபாதையிலிருந்து மேலேறினால் ஈலிங் சாலை. புடவைக் கடைகளும் நகைக்கடைகளும் இலங்கைத் தமிழர்களின் மளிகைக் கடைகளும் உள்ள வட்டாரம். அங்கிருந்து இன்னும் மேற்கே புல்ஸ் பிரிட்ஜில் பாடிங்டன் கிளை முதன்மைக் கால்வாயில் சேர்கிறது. பாடிங்டனிலிருந்து இதுவரை பதின்மூன்றரை மைல். ஒரு லாக்கூட இல்லை. இப்போது சூப்பர்மார்க்கெட் நிற்கும் இந்த இடம் முன்பு கிராண்ட் யூனியன் சரக்குக் கம்பெனியின் பணிமனை. வேலை ஆணைக்காகப் படகுக் குடும்பங்கள் இங்கே வரிசையில் கட்டிக் காத்துக் கிடந்தன. சரக்கின் எடைக்கும் தூரத்துக்கும்தான் கூலி என்பதால், அவர்களுக்கு நிற்கும் நாளெல்லாம் நட்டம்தான். பக்கத்துச் சவுத்தால் ஜாம் தொழிற்சாலைக்கு ஆதர்ஸ்டோனிலிருந்து நிலக்கரி கொண்டுவந்த ஓட்டம் 1970இல் நின்றது. நீண்டதூரச் சரக்கு ஒப்பந்தங்களில் கடைசி என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

கவுலியில் முதல் லாக். அதன்பின் சில்டர்ன் குன்றுகள் வரை ஏற்றம்தான். வாட்ஃபோர்டுக்கு அருகே குரோவ் தோட்டத்தில் வெள்ளை அலங்காரப் பாலம் ஒன்று வருகிறது. கால்வாய் வெட்டியபோது, என் நிலத்தின் வழியே போவதானால் பார்க்க அழகாகப் பாலம் கட்டு என்று கிளாரண்டன் பிரபு விதித்த நிபந்தனை அது. பக்கத்துக் கேஷியோபரியின் எசெக்ஸ் பிரபுவும் பெருந்தொகை கேட்டு வாங்கினார். கரைக்கு வாடகை கேட்ட முதல் ஆட்கள் பிரபுக்கள்தான். படகுகள் பின்னால் வந்தன.

பெர்காம்ஸ்டெட்டில் மதுக்கடைகளை ஒட்டிய கரை மாலைக்குள் நிறைந்துவிடும். சாப்பிட வருகிறவர் இரவு கட்டிக்கொள்ளலாம் என்று விடும் கடைகள் இந்தக் கால்வாய் நெடுகிலும் உண்டு. காசில்லை என்பார்கள், ஆனால் மீன் வறுவலும் இரண்டு கோப்பை பியரும் மெரினாக் கட்டணத்தைத் தாண்டிவிடும். இன்னும் ஏறினால் டிரிங் உச்சி. இங்கே ஒரு படகு மேலேறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இருபுறமும் லாக் லாக்காகத் தண்ணீர் கீழே போகிறது. ஒரு லாக்குக்குச் சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். அதை ஈடுகட்டத்தான் மார்ஸ்வொர்த், வில்ஸ்டோன் முதலிய நீர்த்தேக்கங்கள். இந்தத் தண்ணீருக்குப் படகுக்காரர் தனியாகக் காசு கொடுப்பதில்லை. கொஞ்சம் யோசித்தால், ஓடும் படகுக்குத்தான் அறக்கட்டளை அதிகம் செலவழிக்கிறது; நிற்கும் படகு ஒரு சொட்டு நீரையும் கீழே அனுப்புவதில்லை. ஆனாலும் கட்டணம் கேட்பது நிற்கும் படகிடம்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி முடிய, லாக்குகளைப் பூட்டிப் பழுது பார்க்கும் பருவம். பயணம் போவதே கடினம். அப்போது அறக்கட்டளையே இழுபாதைத் துண்டுகளைக் குளிர்கால இடங்களாக விற்கிறது. மீட்டருக்கு, மாதத்துக்கு இவ்வளவு என்று, இடத்தின் மவுசைப் பார்த்துத் தரம் பிரித்து. கோடையில் நகரு என்று சீட்டு ஒட்டிய அதே கரை, பனி விழுந்ததும் தங்கு, பணம் கொடு என்கிறது. கிராமத்துக் கரை மலிவு, ரயில் நிலையம் பக்கத்தில் உள்ள கரை விலை அதிகம். வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளவர்களும் எதை வாங்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

லெய்டன் பஸ்ஸார்டு, ஃபென்னி ஸ்டிராட்ஃபோர்டு, மில்டன் கீன்ஸ் என்று கீழே போனால் கட்ட இடம் கிடைப்பது பெரிய விஷயமில்லை. புது நகரத்தின் பூங்காக்களுக்கு இடையே மைல் கணக்கில் இலவசக் கரை. எதிர்க்கரைத் தோட்டங்களைப் பார்த்தால் மட்டும் ஒரு வேடிக்கை. உங்கள் வீட்டுத் தோட்டம் கால்வாயில் முடிந்தால், சொந்தப் படகை அங்கே நிறுத்தவும் அறக்கட்டளைக்குப் பணம் கட்ட வேண்டும்: அந்த வட்டாரக் கட்டுமிட விலையில் பாதி. புல் உங்களுடையது, தண்ணீர் அவர்களுடையது. காஸ்குரோவில் ஊஸ் நதிக்கு மேலே 1811இல் அமைத்த இரும்புத் தொட்டிப் பாலத்தில் படகு மிதந்து போகிறது. அதற்கு முன் கட்டிய பாலம் 1808இல் இடிந்துபோனது.

ஸ்டோக் புரூயர்னில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏழு லாக், கூரை வேய்ந்த குடிசைகள், பழைய தானிய ஆலையில் 1963 முதல் இயங்கும் கால்வாய் அருங்காட்சியகம். சிஸ்டர் மேரி வார்டு என்ற செவிலி பல்லாண்டுகள் படகுக் குடும்பங்களுக்குக் காசு பார்க்காமல் மருத்துவம் பார்த்தது இந்தக் கரையில்தான். அஞ்சலட்டைபோல் அழகான ஊர் என்பதால் எல்லாரும் இங்கேதான் கட்ட விரும்புகிறார்கள். 2013இல் அறக்கட்டளை இங்கே ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது: பலகையில் உள்ள வரம்பு முடிந்தும் நகராத படகுக்கு நாளுக்கு 25 பவுண்டு. அபராதம் என்று சொல்லவில்லை, நீட்டித்த தங்கலுக்கான கட்டணம் என்றார்கள். படகுக்காரர்கள் கொதித்தார்கள். இதை வசூலிக்க எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது என்று கேட்டார்கள். உடம்பு முடியாதவர்களும் எஞ்சின் பழுதானவர்களும் என்ன செய்வார்கள் என்றார்கள். அந்தத் தொகை பெரும்பாலான மெரினாக்களில் சாதாரணமாகக் கேட்கும் இரவுக் கட்டணத்தைவிடக் கூடுதல் என்பதில்தான் சூட்சுமம். யாரும் செலுத்தாதபோதுதான் அந்த விலை தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. வருமானத்துக்கான விலையும் விரட்டுவதற்கான விலையும் ஒரே ரசீதில் வரும்போது கோபம் வராமல் இருக்காது.

அடுத்து பிளிஸ்வொர்த் சுரங்கம், 3,076 கெஜம். 1805இல் திறந்தது. இழுபாதை உள்ளே இல்லாததால், பலகையில் மல்லாந்து படுத்துச் சுவரைக் காலால் உதைத்துப் படகைத் தள்ளுவதற்கென்றே கூலியாட்கள் இருந்தார்கள். வீடன், பக்பி லாக்குகள் வரை ரோமானியர் போட்ட வாட்லிங் தெருவும், ரயில் பாதையும், எம்1 நெடுஞ்சாலையும் கூடவே வருகின்றன. கால்வாய் மட்டும்தான் அவசரப்படாதது.

பிரான்ஸ்டனில் படகு கட்டுவதே ஆயுதமான கதை உண்டு. 1923 ஆகஸ்டில் ஃபெல்லோஸ் மார்டன் அண்ட் கிளேட்டன் கம்பெனி கூலியைக் குறைத்தபோது, அதன் படகோட்டிகள் இங்கே படகுகளைக் கட்டிவிட்டு வாரக்கணக்கில் நகர மறுத்தார்கள். நிற்பதனால் தங்களுக்கு ஆகும் நட்டத்தை ஒருமுறை கம்பெனியின் தலையில் ஏற்றிப் பார்த்தார்கள். பிரான்ஸ்டனிலிருந்து நாப்டன் வரையுள்ள ஐந்து மைல் அப்போது ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய்க் கம்பெனியுடையதாக இருந்தது. லண்டன்–பர்மிங்காம் படகுகள் அதைத் தவிர்க்க முடியாது என்று தெரிந்து சுங்கத்தைக் கடுமையாக வைத்தது. குறுகலான இடம் யார் கையில் இருக்கிறதோ அவர் விலை வைக்கிறார்.

இன்று இந்த வட்டாரம் மெரினாக்களால் நிறைந்தது. போட்டி இருப்பதால் விலை அடங்கியிருக்கிறது. அதற்கு மின்சாரம், குளியலறை, பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து வரலாம், வராமலும் போகலாம். கேட்டுவிட்டுக் கட்டுவது நல்லது. கால்வாயோடு புதிதாக வாய் வெட்டும் மெரினா, எல்லா இடமும் நிரம்பினால் கிடைக்கக்கூடிய வருமானத்தில் 9 சதவீதத்தை அறக்கட்டளைக்குத் தர வேண்டும். காலியாகக் கிடந்தாலும் அதே கணக்கு. ஓரிரவு விருந்தாளியைச் சில மெரினாக்கள் முகம்மலர வரவேற்பதன் ரகசியம் அதுவாகவும் இருக்கலாம்.

ஹாட்டனில் 21 லாக், 45 மீட்டர் ஏற்றம். 1934இல் அகலப்படுத்தித் திறந்தார்கள். ஆனால் பர்மிங்காமின் கேம்ப் ஹில்லில் லாக்குகள் மறுபடி ஏழடியாகக் குறுகிவிடுகின்றன. லண்டனில் வீடாக வாங்கிய அகலப் படகு இதற்கு மேல் போகாது. டிக்பெத்தில் கிராண்ட் யூனியன் முடிகிறது. குறுகிய படகுக்காரர்கள் ஆஷ்டெட்டில் ஆறு, ஃபார்மர்ஸ் பிரிட்ஜில் பதின்மூன்று லாக்குகள் ஏறி நகர மையத்துக்குப் போகிறார்கள். நாட்டின் இரண்டாம் பெரிய நகரம். உணவகங்களும் இசையரங்கமும் கூப்பிடு தூரத்தில். இருந்தும் வருகைப் படகுகளுக்கான கரை இங்கே காசில்லாமலே கிடைத்து வந்திருக்கிறது. பர்மிங்காமுக்குக் கால்வாய் அதிகம், தண்ணீரில் குடியேறும் நெருக்கடி குறைவு.

அறக்கட்டளைக்கு அரசு தரும் மானியம் ஆண்டுக்கு ஐந்து கோடி பவுண்டுக்குச் சற்று மேல். 2027க்குப் பிறகு பத்தாண்டுக்கு 40 கோடி என்று அறிவித்திருக்கிறார்கள். விலைவாசியோடு பார்த்தால் நல்ல வெட்டு. இதற்கிடையே 2024 ஏப்ரல் முதல், நிரந்தர இடமில்லாத படகுகளின் உரிமத்தில் கூடுதல் கட்டணம் ஏற்றத் தொடங்கினார்கள்; படிப்படியாக 2028இல் 25 சதவீதமாகும். இழுபாதையின் இலவச இரவுகளுக்கு அந்தப் படகுக்காரர்கள்தான் அதிகம் கடன்பட்டவர்கள் என்பது அறக்கட்டளையின் வாதம். அது முழுக்கப் பொருந்தவில்லை. மெரினாவில் இடம் வைத்திருப்பவரும் கோடை முழுக்கப் பயணம் போய் இதே கரையில்தான் இரவு தங்குகிறார். பர்மிங்காமின் காஸ் தெருத் துறையில் முன்னும் பின்னுமாகக் கட்டிய ஒரே நீளப் படகுகள் இரண்டில், ஒன்றின் உரிமத்தில் இந்தக் கூடுதல் உண்டு, மற்றதில் இல்லை.