மூன்றாம் மாடியில் ஒரு கலிங்கு

குடித்தனம் நடத்துவோர் நீர் வரும் வழியைப் பற்றிக் கவலைப்படும் அளவுக்கு, அது போகும் வழியைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. மும்பை செம்பூரில் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் நாங்களும் அவ்வாறே இருந்தோம். எங்கள் கவனக்குறைவுக்கு விலை கொடுத்தவர் இரண்டாம் மாடியில் வாழும் முதிய மராத்தி அம்மையார் என்பதே இன்றும் எங்களை வருத்துகிறது. அடுக்கு வீடுகளில் வாழும் நம்மவர் சிலருக்கேனும் இவ்வனுபவம் பயன்படும் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

கோடை விடுமுறையில் இராமேசுவரம் சென்று வந்தது முதல், எங்கள் மகளுக்கு மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளே கனவாயின. வீட்டில் ஒரு கடல்நீர்த் தொட்டி வேண்டும் என்று ஓயாது கேட்டாள். பாறை கட்டும் பவளங்கள் 2001ஆம் ஆண்டு முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் பெற்றுள்ளன. நம் கடலிலிருந்து அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே சுட்ட மண்ணால் செய்த பாறைகளும், பண்ணையில் பொரித்து வளர்த்த கோமாளி மீன்கள் இரண்டும், சில நத்தைகளும் போதும் என்று முடிவு செய்தோம். நாலடி நீளமும் ஈரடி அகலமும் ஈரடி உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டி கூடத்துக்கு வந்து சேர்ந்தது. அதில் ஏறத்தாழ 400 லிட்டர் நீர் நிற்கும்.

கடல்நீர்த் தொட்டியின் மேற்பரப்பில் எண்ணெய் போன்ற அழுக்குப் படலம் படியும். அதனை நீக்குவதற்காகத் தொட்டியின் பின்புறம், சீப்பின் பற்களைப் போல் வெட்டிய தடுப்புடன் ஒரு சிறு பெட்டி அமைப்பர். மேல்நீர் அப்பற்களினூடே வழிந்து, குழாயில் இறங்கிக் கீழ்த்தொட்டியை அடையும். அங்கே அழுக்கு நுரையாகப் பிரிக்கப்பெற்றபின், மோட்டாரால் மீண்டும் மேலேறும். ஏரியில் மிகுந்த நீர் கரையை உடைக்காமல் வெளியேறுவதற்கு நம் முன்னோர் கட்டிய கலிங்கின் வேலையே இது. ஆனால் அச்சொல் அப்போது எங்கள் நினைவுக்கு வரவில்லை.

மணிக்கு 4000 லிட்டர் இறைக்கும் என்று எழுதியிருந்த மோட்டாரை வாங்கினோம். பெரிதாயிருப்பது நல்லதுதானே என்று எண்ணினோம். நீர் இறங்குவதற்கோ ஓர் அங்குலக் குழாய் ஒன்றே ஒன்று. அக்குழாய் இரவும் பகலும் கடகடவென்று ஒலித்தது. அதனைக் கடலின் ஓசை என்று சொல்லி மகிழ்ந்தோம். காற்றும் நீரும் ஒன்றையொன்று நெருக்கிக் குழாய் மூச்சுத் திணறும் ஓசை அது என்பதை அறிந்தோமில்லை.

விநாயக சதுர்த்திக்குப் பத்து நாள் இருக்கையில், ஓர் இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டும் ஓசை கேட்டது. எழுந்து விளக்கைப் போட்டால் கூடமெங்கும் உப்புநீர்! தடுப்பின் மேல் ஏறிய நத்தை ஒன்று பெட்டிக்குள் விழுந்து குழாயின் வாயை அடைத்திருந்தது. இறங்க வழியின்றித் தொட்டி நிறைந்து வழிய, கீழ்த்தொட்டியில் நீர் வற்றும்வரை மோட்டார் தன் கடமையைச் செய்திருக்கிறது. வழிந்தது நாற்பது லிட்டர் இருக்கலாம். பண்டிகைக்கென்று அம்மையார் புதிதாய் வெள்ளையடித்த கூரையில் அது பெரிய கறையாய்ப் பரவிவிட்டது.

அவரைச் சித்தி முறை வைத்துக் 'காக்கூ' என்றே நாங்கள் அழைப்பது வழக்கம். அன்று வாசலில் நின்ற காக்கூ கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மீன்கள் பிழைத்தனவா?" என்றுதான் கேட்டார். வசை கேட்டிருந்தால் எங்களுக்கு இத்துணை வெட்கம் வந்திராது. மறுநாள் குடியிருப்புச் சங்கத்தார் தொட்டியை அகற்றும்படி கூறினர். "குழந்தை ஆசைப்பட்டு வளர்க்கிறாள், ஒரு மாதம் தவணை கொடுங்கள்" என்று எங்களுக்காகப் பேசியவரும் காக்கூதான்.

மதுராந்தகத்துக்கு அருகே கிராமத்தில் இருக்கும் எங்கள் தந்தையாரிடம் தொலைபேசியில் செய்தியைச் சொன்னோம். எண்பது கடந்த அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "ஒரே வாயை நம்பி யாராவது ஏரி கட்டுவார்களா? வரத்தைப் பார்த்துக் கலிங்கு வைக்கவேண்டும். செத்தை வந்து அடைக்கும் என்பதையும் பார்த்து வைக்கவேண்டும்" என்றார். எங்கள் பிழை முழுவதும் அதற்குள் அடங்கிவிட்டது.

பிறகு நல்ல குழாய்க்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தோம். அவர் ஒடிசாவின் கேந்திராபாரா மாவட்டத்தவர். அம்மாவட்டத்தார் நாடெங்கும் இத்தொழிலில் பெயர் பெற்றவர்கள். எங்களைப் போலவே ஊரை விட்டு வந்தவர். வந்ததும் மோட்டாரின் நீரை 20 லிட்டர் வாளியில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தார். 26 வினாடியில் வாளி நிறைந்தது. மணிக்கு ஏறக்குறைய 2770 லிட்டர் என்று மகள் கணக்கிட்டாள். நாலடி உயரம் ஏறுவதால் 4000 என்பது அவ்வளவாகக் குறைந்திருந்தது. ஆயினும், காற்றுடன் கலந்து நீர் இறங்கும் ஓர் அங்குலக் குழாய்க்கு 2300 லிட்டரே எல்லை என்பது தொட்டி வளர்ப்போரின் கைக்கணக்கு. நத்தை விழாதிருந்தாலும் எங்கள் குழாய் விளிம்பில்தான் நின்றிருந்தது.

மற்றொன்றையும் அவர் காட்டினார். கடையில் ஓர் அங்குலம் என்று கேட்டால் இருவகைக் குழாய் கிடைக்கும். ஒன்றன் வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர். மற்றொன்றன் வெளிவிட்டம் 33.4. பெயர் ஒன்றேயாயினும் ஒன்றன் குழாய் மற்றதன் மூட்டில் சரியாகப் பொருந்தாது. நாங்கள் இரண்டையும் கலந்து வாங்கி, இடைவெளியைப் பிசினால் நிரப்பியிருந்தோம்! பித்தளை வால்வையும் அவர் கழற்றச் சொன்னார். உப்புநீரில் அதிலுள்ள செம்பு கரையும். நத்தை போன்ற உயிர்களுக்குச் செம்பு நஞ்சு.

இப்போது ஒன்றரை அங்குலக் குழாய்கள் மூன்று உள்ளன. ஒன்றரை அங்குலம் என்பது ஓர் அங்குலத்தைப் போல் இரண்டேகால் மடங்கு வாயகலம். முதற்குழாய் நீருக்குள் முற்றும் அமிழ்ந்தது; காற்று புகாமல் நிறைந்து ஓடுவதால் ஓசையே இல்லை. பிளாஸ்டிக் கேட் வால்வைச் சிறிது சிறிதாகத் திருகி அதன் ஓட்டத்தை அமைத்தோம். எஞ்சிய சிறு கசிவை இரண்டாம் குழாய் ஏற்கும். மூன்றாவது மற்றவற்றினும் உயர்ந்து, வால்வின்றி, எந்நாளும் உலர்ந்தே நிற்பது. மற்ற இரண்டும் அடைபட்டால் முழு நீரையும் அது ஒன்றே தாங்கவேண்டும். ஆதலின் பயன்படாததுதானே என்று அதனைச் சிறிதாக வைத்தல் கூடாது. பெட்டியின் மேல் வலையும் போட்டோம்.

மின்சாரம் நின்றால் என்னாகும் என்பதையும் மகளே கணக்கிட்டாள். 120க்கு 60 சென்டிமீட்டர் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர் 7.2 லிட்டர். மேலேறும் குழாயின் முனை 8 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்ததால், மோட்டார் நின்றதும் 57 லிட்டருக்கு மேல் பின்னோக்கி இறங்கியிருக்கும். கீழ்த்தொட்டியில் மிச்ச இடமோ 30 லிட்டருக்கே. முனையை நீர்மட்டத்தருகே உயர்த்தி, காற்று புகுந்து ஓட்டத்தை அறுக்க அதில் சிறு துளையும் இட்டோம்.

தவணை முடியும் நாளில் காக்கூவையும் சங்கச் செயலாளரையும் அழைத்து, அவர்கள் கண்முன் சோதித்தோம். முதற்குழாயை மூடினோம், இரண்டாவது இரைச்சலிட்டு நீரை ஏற்றது. அதனையும் அடைத்தோம். நீர் மெல்ல உயர்ந்தது. எங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது குழாய் பேரோசையுடன் விழுங்கத் தொடங்கியது. பின்னர் மோட்டாரை நிறுத்தினோம். கீழ்த்தொட்டி நிறைந்து விளிம்புக்கு ஒரு சாண் கீழே நின்றது. தரையில் ஒரு துளி இல்லை. செயலாளர் கையொப்பமிட்டார். காக்கூ மட்டும் குனிந்து தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, மீனுக்கு உணவிடலாமா என்று மகளைக் கேட்டார்.

அவர் வீட்டுக் கூரையை எங்கள் செலவில் மீண்டும் வெள்ளையடித்துக் கொடுத்தோம். ஆயினும் உப்பின் கறை மழைக்காலத்தில் இலேசாகத் தலை காட்டுகிறது. அதனைக் காணும்போதெல்லாம் தந்தையார் சொல் நினைவுக்கு வரும். மாடிமேல் நீரைத் தேக்கி வாழ்பவருக்குக் கீழ்வீட்டாரே ஏரிக்குக் கீழுள்ள ஊரார். தேக்குமுன் கலிங்கை எண்ணுவது அவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன்.