குதிரைக்குக் கணக்குத் தெரியுமா?

விலங்குகளை வாயில்லாச் சீவன்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். வாய் இல்லாததால் அவற்றுக்கு மனமும் இல்லை என்று கொள்வோர் ஒரு சாரார். தம் வீட்டு நாய்க்கு மனிதரைப் போலவே எல்லாம் புரியும் என்று சாதிப்போர் மற்றொரு சாரார். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று, விலங்கு எவ்வாறு அறிகிறது, எவ்வாறு நினைக்கிறது என்று பொறுமையோடு ஆராய்வோரின் பணி கடினமானது. அப்பணியில் இறங்குவோர் தொடக்கத்திலேயே கற்கும் பாடம் ஒரு குதிரையைப் பற்றியது. ஆய்வுக்கூடத்திற்கு வெளியே வாழும் நமக்கும் அது பயன்படும் என்பதால் இங்கே நினைவுகூர்கிறோம்.

ஜெர்மனியின் பெர்லின் நகரில் வில்ஹெல்ம் ஃபான் ஓஸ்டன் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் வாழ்ந்து வந்தார். ஹான்ஸ் என்னும் தம் குதிரைக்கு, பள்ளிப் பிள்ளைக்குக் கற்பிப்பது போலவே பாடம் நடத்தினார். ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டால், ஹான்ஸ் முன்னங்காலால் பன்னிரண்டு முறை தரையைத் தட்டும். பின்னக் கணக்குக்கும் விடை தரும். இன்று என்ன தேதி என்றாலும் தட்டிக் காட்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் ஓஸ்டன் கட்டணம் எதுவும் வாங்கவில்லை. 1904ஆம் ஆண்டு 13 பேர் கொண்ட குழு ஒன்று ஹான்ஸைச் சோதித்து, இதில் ஏமாற்று வித்தை ஏதும் இல்லை என்று அறிவித்தது.

பிறகு ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் வந்தார். அவர் செய்த சோதனை மிக எளிது. கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபடி செய்தார். அப்போது ஹான்ஸ் தடுமாறியது. கேட்பவரைக் காண முடியாதபடி குதிரையின் கண்ணருகே மறைப்புக் கட்டினார். அப்போதும் தடுமாறியது. விடை தெரிந்த ஒருவர் கண்ணெதிரே நின்றால் மட்டுமே அதன் கணக்குச் சரியாக இருந்தது.

நடந்தது இதுதான். கேள்வி கேட்டவர் குதிரையின் காலைக் கவனிக்கச் சற்றே முன்குனிந்தார். குதிரை தட்டத் தொடங்கியது. சரியான எண் வந்ததும் அவர் தலை தம்மையறியாமல் மிகச் சிறிதளவு நிமிர்ந்தது, குதிரை நிறுத்திக்கொண்டது. அருகில் நின்ற அறிஞர்கள் கண்ணுக்கும் அந்த அசைவு தப்பியது. அசைத்தவருக்கும் அது தெரியாது. காரணத்தைக் கண்டுபிடித்த ஃபுங்ஸ்ட்டாலேயே தம் தலையசைவை முழுமையாக அடக்க முடியவில்லை. 1907ஆம் ஆண்டு அவர் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஓஸ்டன் அவற்றை ஏற்கவில்லை. 1909ஆம் ஆண்டு காலமானார்.

'குதிரைக்குக் கணக்குத் தெரியாது' என்று சொல்லிப் பலர் இக்கதையை முடித்துவிடுவர். நாம் இன்னும் சற்று நின்று பார்க்க வேண்டும். கற்றறிந்த 13 பேர் காணாத அசைவை அக்குதிரை கண்டதன்றோ? அது ஓர் அரிய அறிவு. ஆனால் அதைப் பற்றி எவரும் கேட்கவில்லை. மனிதருக்குப் பெருமை தரும் கணக்கையே கேட்டனர், அந்த அளவுகோலில் தேறியபோது போற்றினர், தவறியபோது மறந்தனர்.

இன்று விலங்கறிவை ஆராய்வோர், சோதனை நடத்துபவரிடமிருந்தே விடையை மறைத்து வைக்கக் கற்றிருக்கிறார்கள். இதைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று சான்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், போதைப்பொருளையும் வெடிபொருளையும் மோப்பம் பிடிக்கும் 18 நாய்களை அவற்றைக் கையாளுவோருடன் சோதித்தனர். இத்தகைய பொருள்களின் வாசனை முன்பு படிந்திருக்க வாய்ப்பில்லாத இடம் வேண்டுமென்று அவர்கள் தேர்ந்தது ஓர் ஆலயக் கட்டடம். அங்கே எதையும் ஒளித்து வைக்கவில்லை. ஆயினும், சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் வாசனை உண்டு என்று கையாளுவோரிடம் மட்டும் சொல்லி வைத்தனர். ஒன்றுமே இல்லாத அறைகளில், நாய் கண்டுபிடித்துவிட்டதாக 225 முறை அறிவிப்பு வந்தது. மனிதரின் நம்பிக்கையே அந்த அறிவிப்புகளை வழிநடத்தியது என்பதே ஆய்வின் முடிவு. குற்றம் தேடும் பணியில் இதன் பொருள் என்னவென்று எண்ணிப் பாருங்கள். சந்தேகிப்பவரின் மனம் சாட்சியின் வாயில் புகுந்து பேசினால், குற்றமற்றவர் யாரிடம் முறையிடுவார்?

நாய், குதிரை அளவில் நின்றுவிடும் செய்தியன்று இது. நம் பெயர்த்தி வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். 'ஏழெட்டு...' என்று இழுத்து, 'ஐம்பத்தி...' என்று நிறுத்துவாள். நம் புருவம் சுருங்கினால் எண்ணை மாற்றிக்கொள்வாள். மலர்ந்தால் உரக்கச் சொல்வாள். அவள் படித்தது வாய்ப்பாட்டையா, நம் முகத்தையா? இக்கேள்வி எழுந்த நாள் முதல் அவள் ஒப்பிக்கும்போது நாம் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறோம். அதே வேளையில், சொல்லாத கவலையைக்கூட முகத்திலிருந்து எடுத்துவிடும் அவளது நுண்ணறிவுக்கு எந்தத் தேர்விலும் மதிப்பெண் இல்லை என்பதும் உறைக்கிறது.

பிற உயிர்களின் மனத்தை அறிய விரும்புவோர்க்கு இரண்டு ஒழுக்கங்கள் தேவை. நாம் விரும்பும் விடை நம்மிடமிருந்தே கசிகிறதா என்று காவல் காப்பது ஒன்று. நாம் கேட்க மறந்த கேள்விக்கு அவ்வுயிர் விடை தந்துகொண்டிருக்கிறதா என்று கவனிப்பது மற்றொன்று. முன்னது நேர்மை, பின்னது தாழ்ச்சி. பெர்லினின் அந்த முற்றத்தில் எல்லோரும் ஹான்ஸின் காலையே எண்ணிக்கொண்டிருந்தனர். அதுவோ, எண்ணியவர்களின் முகங்களைப் படித்துக்கொண்டிருந்தது.