குளக்கட்டில் ஒரு ஞாயிறு

மன்னாரிலிருந்து மதவாச்சி வீதியால் வரும்போது, முருங்கனை நெருங்கும் இடத்தில் இடப்பக்கமாகச் சற்று உள்ளே போனால் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டு வந்துவிடும். கட்டில் ஏறி நின்றால் மறுகரை கண்ணுக்கு எட்டாது. நீருக்குள் பட்டுப்போன மரங்கள் ஆங்காங்கே நிற்கும். அவற்றின் கிளைகளில் நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். முதன்முறை பார்த்தபோது இது குளமா கடலா என்று நான் திகைத்தது உண்மை. ஆங்கிலேயர் இதற்கு இராட்சதக் குளம் என்று பெயர் வைத்ததில் பிழையில்லை.

அங்கே நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடப் போகிறேன். இதைச் சொன்னதும் எமது அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "கடலுக்கு நடுவிலை இருக்கிற தீவிலை இருந்துகொண்டு குளத்து மீனுக்குப் போறியா?" என்று அம்மா கேட்டார். கடல் மீன் சாப்பிட்டு வளர்ந்த மன்னார்த் தீவுக்காரருக்குக் குளத்து மீன் என்றால் கொஞ்சம் இளக்காரம்தான்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்த கதை ஒரு கூட்டத்தில் தொடங்கியது. கட்டுக்கரைக்கு வடக்கே உள்ள ஒரு கிராமத்தில், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தினருடன் நேரக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தோம். பெரிய தாளில் வட்டம் கீறி, 24 மணித்தியாலத்தையும் பிரித்து, எந்த நேரம் என்ன வேலை என்று ஒவ்வொருவரும் குறிக்க வேண்டும். சமூகவியல் படித்தவர்களுக்கு இது பழகிய முறை. முடிவும் ஏறக்குறைய தெரிந்ததுதான். ஆண்களின் வட்டத்தில் "ஓய்வு" என்று ஒரு துண்டு இருக்கும். பெண்களின் வட்டத்தில் இராது. தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில்கூட வெங்காயம் உரித்ததாகவே எழுதுவார்கள்.

அன்று ஐம்பது வயது கடந்த ஓர் அக்கா மட்டும், ஞாயிறு பின்னேரம் 3 மணியிலிருந்து 6 மணிவரை ஒரு துண்டை வெறுமையாக விட்டிருந்தார். கேட்டபோது, "தூண்டில் போடப் போவன் மிஸ்" என்றார். அது வேலையா, ஓய்வா? பெண்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. மீன் கொண்டுவருகிறார், ஆகவே வேலை என்றனர் சிலர். மரநிழலில் குந்தியிருப்பது என்ன வேலை என்றனர் வேறு சிலர். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மீன் பட்டால் வேலை, படாட்டி ஓய்வு. அப்பிடி எழுதுங்கோ" என்றார். தாளில் அப்படியே எழுதினேன். அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போனேன்.

அக்காவின் தூண்டில் மிக எளிமையானது. மெல்லிய மூங்கில் தடி, அதன் நுனியில் தடியளவே நீளமான தங்கூசி, தேய்ந்த செருப்பிலிருந்து வெட்டிய ஒரு மிதவை, சிறிய ஈயக் குண்டு, முள். இரைக்கு மண்புழு, அது கிடைக்காத கோடையில் கோதுமை மாவைப் பிசைந்து, கொஞ்சம் தேங்காய்ப் பூ சேர்த்து உருட்டிக்கொள்வார். விராலுக்கு மட்டும் வேறு முறை. உயிருள்ள சிறிய தவளையை முள்ளில் கோத்து, தாமரை இலைகளுக்கு நடுவே தண்ணீரின் மேலால் துள்ளத் துள்ள இழுக்க வேண்டும். அதை நான் பார்க்கிறேன், செய்வதில்லை. தவளையின் முகம் எனக்கு ஆகாது.

இருக்கும் இடத்தையும் அவர்தான் தெரிவு செய்வார். ஆழமான கரையில், தண்ணீரோடு ஒட்டி ஒருபோதும் இருக்கமாட்டார். இங்கே முதலை உண்டு. மாரி மழையில் குளம் நிரம்பியிருக்கும் காலத்தில் மீன் எங்கும் பரந்து போய்விடும், தூண்டிலுக்குச் சிக்காது. காலபோக வயல்களுக்குத் தண்ணீர் விட்டு, நீர் வற்றத் தொடங்கும்போதுதான் தூண்டில்காரருக்குக் காலம் பிறக்கும். ஆவணி, புரட்டாதியில் குளம் சுருங்கிக் கிடக்கும். அப்போது கொக்குகளுக்கும் நாரைகளுக்கும் எங்களுக்கும் ஒரே இடத்தில்தான் போட்டி.

அதிகம் படுவது ஜப்பான் மீன். அறிஞர்கள் திலாப்பியா என்பார்கள். பெயரில் ஜப்பான் இருந்தாலும் அதன் ஊர் ஆபிரிக்கா. 1952ஆம் ஆண்டில் இலங்கைக் குளங்களில் விட்டார்கள். இன்று நாட்டின் குளத்து மீன்பிடியே பெரும்பாலும் அதை நம்பித்தான் நடக்கிறது. 1990 முதல் 1994 வரை நன்னீர் மீன்பிடிக்கு அரசாங்கம் உதவியை நிறுத்தியிருந்தது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற மத எதிர்ப்பு அதற்குக் காரணமாய் இருந்தது. மீனுக்கு அது தெரியாது, அது பாட்டில் பெருகிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கி.பி. 5ஆம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கட்டுவித்தது என்பது மரபு. அநுராதபுரம் வழியாக ஓடிவரும் மல்வத்து ஓயாவை நாங்கள் அருவி ஆறு என்கிறோம். 164 கிலோமீற்றர் நீளமான அந்த ஆற்றைத் தேக்கம் என்னும் இடத்தில் கல்லணை கட்டி மறித்து, வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்குக் கொண்டுவருகிறார்கள். பாழடைந்து கிடந்த குளத்தை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேயர் திருத்தினார்கள். குளத்தை அண்டிய பகுதியில் 2016ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துத் தொல்லியலாளர்கள் அகழ்ந்தபோது பழைய சுடுமண் உருவங்கள் கிடைத்தன. இத்தனை நூற்றாண்டாக இந்தத் தண்ணீரைச் சுற்றி மனிதர் வாழ்ந்திருக்கிறார்கள் என்றால், இத்தனை நூற்றாண்டாக யாரோ ஒரு பெண் இங்கே மீனுக்குக் காத்திருந்திருப்பாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

தூண்டில் மீன்பிடியை ஒரு பொழுதுபோக்காக நான் முதலில் கேள்விப்பட்டது மலையகத்தில். பேராதனையில் படித்த காலத்தில், விடுமுறைக்கு ஒரு தோழியின் வீட்டுக்கு நுவரெலியாப் பக்கம் போயிருந்தேன். அங்கே குளிர்ந்த ஓடைகளில் டிரவுட் என்றொரு மீன் உண்டு. தோட்டத் துரைமார் தங்கள் ஊர் நினைவில் 1882ஆம் ஆண்டில் அதைக் கொண்டுவந்து விட்டார்கள். 1896இல் அதற்கென மீன்பிடிக் கழகமும் அமைத்துக்கொண்டார்கள். கட்டுக்கரை போன்ற சூடான தண்ணீரில் அந்த மீன் உயிர்வாழாது. குளிர்ச்சியும் ஓட்டமும் வேண்டும். அதைப் பிடிக்கும் முறையும் தனி. முள்ளில் புழு இல்லை. கோழி இறகையும் நூலையும் சுற்றி ஒரு பூச்சி போலச் செய்துவிடுவார்கள். அந்தப் பொய்ப்பூச்சிக்குப் பாரமே இல்லாததால், பாரமான நூலையே சவுக்குப் போல முன்னும் பின்னும் வீசி, தண்ணீரின் மேல் மெல்ல இறக்க வேண்டும். உண்மைப் பூச்சி விழுந்ததாக நினைத்து மீன் எழும்பும்.

தோழியின் தாத்தா, துரைமார் சனி ஞாயிறுகளில் மீன் பிடிக்கப் போகும்போது சாப்பாட்டுக் கூடை சுமந்து போனவர். "நாள் முழுக்க நின்னுட்டு, ஒரு மீனோட சிரிச்சுக்கிட்டு வருவாங்களாம்" என்று தோழி சொன்னாள். தாத்தாவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லையாம். லயத்து வாழ்க்கையில் ஒரு நாளைச் சும்மா செலவழிக்க யாருக்கு முடிந்தது?

இது ஆண்களின் விளையாட்டு என்றுதான் எண்ணியிருந்தேன். பின்னர் தேடிப் படித்தபோது ஆச்சரியமாக இருந்தது. தூண்டில் மீன்பிடி பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496இல் வெளிவந்தது. அதை எழுதியவர் ஜூலியானா பேர்னர்ஸ் என்னும் கன்னியாஸ்திரி என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. ஆய்வாளர் சிலர் ஐயம் கொள்கிறார்கள்; கொள்ளட்டும். 12 வகைப் பொய்ப்பூச்சிகளைச் செய்யும் விதம் அதில் இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் டே ஆற்றில் 1922 ஒக்டோபர் 7ஆம் திகதி ஜோர்ஜினா பலன்டைன் என்ற பெண் 64 இறாத்தல் எடையுள்ள சமன் மீனைத் தூண்டிலில் பிடித்தார். பிரித்தானியாவில் அந்தச் சாதனையை இன்றுவரை எந்த ஆணும் முறியடிக்கவில்லை.

இந்தக் கதையை அக்காவுக்குச் சொன்னேன். 64 இறாத்தல் என்றதும் "பொய்" என்றார். பொய்ப்பூச்சியை மட்டும் ஒருமுறை செய்து பார்க்கச் சம்மதித்தார். அவருடைய கோழியின் செட்டையில் ஓர் இறகு எடுத்து, தையல் நூலால் சிறிய முள்ளில் சுற்றினோம். கத்தரித்துச் சரிசெய்த பிறகும் அது பூச்சி மாதிரி இல்லை, துடைப்பம் மாதிரி இருந்தது. ஈயமும் மிதவையும் கழற்றிவிட்டு வீசினேன். காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து என் தலைமயிரிலேயே மாட்டியது. அக்கா சிரித்த சிரிப்பில் கரையில் நின்ற கொக்குகள் எழும்பிப் போயின. அரை மணித்தியாலம் போராடி, பெருவிரல் நீளத்தில் ஒரு கெண்டைக் குஞ்சு பிடித்தேன். அதை விட்டுவிட்டோம். அன்றிலிருந்துதான் அவர் என்னை "மிஸ்" என்று அழைப்பதை விட்டு "பிள்ளை" என்று அழைக்கத் தொடங்கினார்.

தூண்டில் போடும்போது அதிகம் பேசக்கூடாது. பேச்சு வந்தாலும் மிதவையைப் பார்த்தபடியே வரும். முகம் பார்க்காமல் பேசுவது சிலவேளை நல்லது என்பதை அங்கேதான் கண்டுகொண்டேன். எத்தனையோ படிவங்களில் நாங்கள் கேட்டு எழுதிய விடயங்களை, கேட்காமலே அவர் சொன்னார். 2007, 2008 காலத்தில் போர்முனை இந்தக் குளத்தை அண்டியே இருந்தது. 2008இல் ஊரோடு எழும்பி வன்னிக்குள் போனவர்கள், 2009இல் செட்டிகுளம் முகாமில் இருந்தார்கள். கணவர் அந்த ஓட்டத்தில் காணாமற்போனவர். "முகாமிலை பருப்பு, பருப்பு, பருப்பு. கட்டுக்கரை ஜப்பான் கனவிலை வரும் பிள்ளை" என்றார். மீளக் குடியேறி வந்து, தறப்பாள் கொட்டிலில் இருந்தபோது முதலில் வெட்டியது தூண்டில் தடிதானாம். கறிக்காக. பிறகு கறிக்குக் காசு வந்த பின்னும் ஞாயிறுகளில் வந்துகொண்டிருந்தார். "வீட்டிலை சும்மா இருந்தால் ஆரும் ஏதாவது வேலை தருவினம். தூண்டிலோடை இருந்தால் ஒருத்தரும் கூப்பிடமாட்டினம்."

குளத்து மீனில் சேற்று மணம் இருக்கும் என்பவர்களுக்கு அவருடைய பக்குவத்தைச் சொல்லிவிடுகிறேன். செதிள் சீவி, குடலோடு வயிற்றினுள் இருக்கும் கறுப்புச் சவ்வையும் முழுதாக உரித்தெடுக்க வேண்டும். மணத்துக்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது அவர் கட்சி. பிறகு பழப்புளியும் உப்பும் போட்டு நன்றாக உரசி, கால் மணித்தியாலம் வைத்துக் கழுவினால் மணம் போய்விடும். மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிப் பொரித்துச் சாப்பிட்ட என் அம்மா, இரண்டாவது துண்டையும் எடுத்தார். கடல் மீனுக்கு ஈடாகாது என்று சொல்லிக்கொண்டே எடுத்தார்.

கடந்த வருடம் பிரச்சினை வேறு பக்கத்தால் வந்தது. அக்காவின் மகன் கட்டாரில் வேலை செய்கிறான். நல்ல பிள்ளை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான், கல்வீடும் கட்டிக் கொடுத்துவிட்டான். யாரோ ஊரவர், தாய் குளக்கட்டில் தூண்டிலோடு இருப்பதைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் துடித்துப் போனான். "நான் காசு அனுப்பேல்லையா அம்மா? சந்தையிலை மீனை வாங்குங்கோ. சனம் என்னை என்ன நினைக்கும்?"

அக்கா தூண்டிலைக் கூரைக்குள் செருகிவிட்டு நான்கு ஞாயிறு வீட்டில் இருந்தார். மகனோடு நான் தொலைபேசியில் கதைத்தேன். குடும்பத் தகராறுகளில் இருபக்கமும் பேசிப் பழகிய எனக்கே அன்று வார்த்தை வரவில்லை. அவனுடைய வெட்கமும் பொய்யில்லை. அவன் சின்ன வயதில் பசித்திருந்த வீட்டில் அந்தத் தடிதான் சோற்றுக்குக் கறி தந்தது. அதை மறுபடி பார்த்தால் அவனுக்கு அந்தப் பசிதான் தெரியும். தாய்க்கு இப்போது அது வேறு என்று எப்படி விளக்குவது? ஓய்வு என்றேன். "ஓய்வு எண்டால் வீட்டிலை படுக்கலாம்தானே அக்கா" என்றான்.

ஐந்தாவது ஞாயிறு, அக்காவே பஸ் பிடித்து மன்னாருக்கு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சீலைத்துண்டு சுற்றிய அந்த மூங்கில் தடி. பஸ்ஸில் எப்படி ஏற்றினார் என்று கேட்டேன். கொண்டக்டரோடு சண்டை பிடித்தாராம். அம்மாவிடம் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தடியை எங்கள் கதவு மூலையில் சாத்தினார்.

"இது உன்ரை வீட்டிலை கிடக்கட்டும் பிள்ளை. இனி தூண்டில் உன்ரை. உனக்குத் துணைக்கு வந்தனான் எண்டு மகனுக்குச் சொல்லலாம்."

இப்போது ஞாயிறு பகல் சாப்பாடு முடிந்ததும் நான்தான் தொலைபேசி எடுக்கிறேன். தனியே போகப் பயமாக இருக்கிறது, முதலை இருக்கிற குளம், துணைக்கு வரமுடியுமா என்று சத்தமாகக் கேட்பேன். அவர் பக்கத்து வீட்டுக்காரருக்கும் கேட்கும்படியாக, "என்ன செய்யிறது, இந்தப் பிள்ளை விடாது" என்று சலித்துக்கொண்டு வருவார். குளக்கட்டில் ஏறியதும் தடியை என் கையிலிருந்து வாங்கிவிடுவார். நான் மாவை உருட்டிக் கொடுப்பேன். போன கிழமை ஒன்றும் படவில்லை, இருட்டும்வரை இருந்தோம்.