தோள்மேல் இருந்து கண்ட குத்துச்சண்டை

வடசென்னையில் குத்துச்சண்டை ஒருகாலத்தில் வெறும் விளையாட்டாக இருந்ததில்லை. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை எனப் பிரிந்து மோதிய வீரர்களைக் காணத் துறைமுகத் தொழிலாளரும் மீனவரும் திரண்டனர். இங்கே பரம்பரை என்பது குருதிவழி வருவதன்று. ஓர் ஆசானிடம் பயின்றோரின் வழி. இராயபுரத்தில் பிறந்த சிறுவன் ஒருவன் அக்கதைகளைச் சோற்றோடு சேர்த்தே உண்டு வளர்ந்தான். ஆயினும் கண்ணால் ஒரு போட்டியைக் கண்டது ஆறாம் வயதில்தான்.

1980ஆம் ஆண்டு முகம்மது அலி சென்னைக்கு வந்தார். நேரு விளையாட்டரங்கில் அவரும் ஜிம்மி எல்லிஸும் காட்சிப் போட்டி ஒன்றில் மோதினர். உலகப் பட்டத்தை மும்முறை வென்றிருந்த அலிக்கு அப்போது வயது 38. கூட்டத்தில் வேறெதுவும் தெரியாததால் தந்தை சிறுவனைத் தோள்மேல் ஏற்றிக்கொண்டார். கண்கூசும் விளக்கொளி, சதுர மேடையைச் சுற்றிய கயிறு, தரையில் நில்லாத இரு கால்கள். அவன் நினைவில் தங்கியவை இவையே. எல்லிஸின் முகத்தை நோக்கி ஒரு குத்துப் பாய்ந்தபோது தந்தையின் தலைமுடியை இறுகப் பற்றிக்கொண்டான்.

"நைனா, அடிக்கிறாரே!"

"பயப்படாதே. இருவரும் ஒரே ஊர், சிறுவயது நண்பர்கள்."

தந்தை சொன்னது உண்மை. இருவரும் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தவர். ஆனால் 1971இல் ஹூஸ்டனில் அவர்கள் மோதியது விளையாட்டுக்காக அன்று. 12ஆம் சுற்றில் நடுவர் போட்டியை நிறுத்த, அலி வென்றார். நண்பனை அடிக்கலாமா என்னும் ஐயம் சிறுவனை நெடுநாள் விடவில்லை.

அவன் வளர்ந்தான்; மத்திய அரசுப் பணி ஊர் ஊராக அழைத்துச் சென்றது. இப்போது திருவனந்தபுரத்துக் கரமனையில் வாடகை வீடு. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள் ஒருநாள் ஒப்புதல் படிவம் ஒன்றை நீட்டினாள். குத்துச்சண்டைப் பயிற்சி!

"மூக்கு உடைந்தால்?" என்றார் அம்மா.

"கண்ணூர் லேகா 2006இல் உலகப் பட்டம் வென்றாரே, அம்மா. அவருக்கு உடைந்ததா?"

அப்பா பேசவில்லை. தோள்மேல் இருந்து கண்ட கால்களோடு மற்றொரு காட்சியும் அவருள் இருந்தது. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக் சுடரை ஏற்றிய அலியின் கை நடுங்கியதைத் தொலைக்காட்சியில் கண்டிருந்தார். பார்க்கின்சன் நோய். தலையில் மீண்டும் மீண்டும் விழும் அடி மூளைக்குத் தீங்கு செய்யும் என்பதை அவர் அறிவார். தலைக்கவசம் உண்டு, சுற்றுகள் மூன்றே என்று மகள் அடுக்கியவை எல்லாம் சரிதான். நடுங்கிய அந்தக் கைக்கு அவை விடையாகவில்லை.

"உன்னோடு யார் சேர்கிறார்கள்?"

"பக்கத்து வீட்டுத் தோழி. இருவருக்கும் ஒரே எடை. இணையாக விடுவார்களாம்."

"அவளையா அடிப்பாய்?"

மகள் சிரித்தாள். "முதலில் காலை எப்படி வைப்பது என்றுதான் கற்றுத்தருவார்களாம், அப்பா. அவளுக்கு அதுவே வராது!"

மருத்துவரிடம் காட்டாமல் மேடை ஏறக்கூடாது என்று கூறி, அப்பா கையெழுத்திட்டார். அம்மாவின் கையெழுத்துக்குரிய இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.