கீழே ஓடும் இன்னொரு மெட்டு

பாடகி ஒரே சுரத்தில் நிற்கும்போதே பாட்டின் குணத்தை மாற்றிவிடலாம். அவர் ‘ஈ’யைப் பிடித்து நிற்கிறார், கீபோர்டில் ‘சி’யும் ‘ஈ’யும் ஒலிக்கின்றன. கீழே நான் ‘சி’ வைத்தால் பாட்டு தெளிந்து நிற்கும். ‘ஏ’வுக்கு இறங்கினால் அதே ‘ஈ’யில் ஏக்கம் ஏறிவிடும். ‘எஃப்’ வைத்தால் எதற்கோ காத்திருப்பதுபோல் தொங்கும். மேலே யாரும் எதையும் மாற்றவில்லை. பேஸ் கித்தாரின் நாலு தந்திகளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

இதை எனக்குக் காட்டியவை எங்கள் தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரக்காரரின் பாட்டுகள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்று, 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்த இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தாமே நொட்டேஷன் எழுதுபவர். பேஸுக்கு அவர் எழுதுவது தனி மெட்டு. ‘மௌன ராகம்’ (1986) படத்தின் ‘மன்றம் வந்த’ பாட்டில் குரலை விட்டுவிட்டு பேஸை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள், புரியும். அவர் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன். அவர் வாசிப்பைக் கேட்டு விரல் பழகியவர்கள் என்னைப்போல் பலர்.

ஜாஸில் இந்த வாத்தியத்துக்கு இன்னும் மரியாதை. மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் புளூ’ (1959) தொகுப்பில் முதல் உருப்படியின் மெட்டைச் சொல்வதே பால் சேம்பர்ஸின் பேஸ்தான். ஊதுகருவிகள், கதை கேட்பவர்போல் ‘உம்’ கொட்டும்.

வீரபாண்டி கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் கதை வேறு. அடித்தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். குழாய் ஸ்பீக்கர் அவ்வளவு கீழே இறங்காது. அதில் வரும் மேல் அதிர்வுகளை வைத்துக் காதுதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. பெரிய பெட்டி ஸ்பீக்கர் வைத்தாலோ எதிர்த் தொல்லை: ஒரு சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து விழுந்து எல்லாம் கொழகொழத்துவிடும். அதனால் தட்டுவதைவிட அமர்த்துவதில்தான் கவனம். தபேலாவின் டக்கா விழும் இடத்தில் தட்டுவேன். உடனே இடக்கை விரலைத் தந்தியிலிருந்து எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் தளர்த்துவேன். தந்தி வாய் மூடும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் பாடகியின் சொல் தெளிவாகக் கேட்கும்.

பழக வரும் பையன்கள் வேகமாக வாசித்துக் காட்டுவார்கள். “தம்பி, முதல்ல பாட்டைப் பாடு” என்பேன். சிலருக்குப் பல்லவி தாண்டாது. மேலே என்ன பாடுகிறார்கள் என்று தெரியாதவன், கீழே எந்தச் சுரத்தை வைப்பான்?