தாத்தாவின் பல்செட்டும் ஒரு கடலை உருண்டையும்

எங்க தாத்தா ஆவடி டாங்க் ஃபேக்டரியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பந்தியில முதல் ஆளா சாப்பிட்டு எழுந்திருப்பார். போன வருஷம் மிச்சமிருந்த பல்லையும் எடுத்துட்டு, மேலயும் கீழயும் முழு பல்செட் போட்டாங்க. கண்ணாடியைப் பார்த்து ஒரே சிரிப்பு. பல்லுதான் வந்தாச்சேன்னு நாங்களும் குழைஞ்ச சாதத்தை நிறுத்திட்டோம். தப்பு அங்கதான்.

ரெண்டே மாசத்துல சட்டை தொளதொளன்னு ஆயிடுச்சு. கேட்டா "பசிக்கலடா". "இவ்ளோ செலவு பண்ணியும் சாப்பிட மாட்டேங்கறீங்களே"ன்னு ஒரு நாள் கத்திட்டேன். அன்னைக்கு ராத்திரி சமையல்கட்டுல, பல்செட்டை டம்ளர்ல போட்டுட்டு, இருட்டுல டீயில பிஸ்கட் ஊற வெச்சு சாப்பிட்டுட்டு இருந்தார். எனக்கு என்னவோ போல ஆயிடுச்சு.

மறுநாள் பூந்தமல்லிக்கு பஸ் ஏறி டாக்டர்கிட்ட போனோம். கீழ் ஈறுல புண்! அழுத்தின இடத்தை ராவிக் கொடுத்துட்டு டாக்டர் விளக்கினார். சொந்தப் பல்லுக்கு எலும்புல வேர் இருக்கு. பல்செட் வெறும் ஈறு மேல உட்கார்ந்திருக்கு. அதனால கடிக்கிற பலம் நாலுல ஒரு பங்குதான், சிலருக்கு அதுவும் இல்லை. மேல் செட் அண்ணத்தோட ஒட்டிக்கும். கீழ் செட்டை நாக்கு தள்ளிக்கிட்டே இருக்கும். பல் போன தாடை எலும்பு வருஷா வருஷம் தேயறதால பிடிப்பும் குறையும்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். 1950-லயே மேன்லி, பிரேலின்னு ரெண்டு பேர், வேர்க்கடலையை மெல்லச் சொல்லி, துப்பினதை சல்லடையில சலிச்சு மெல்லும் திறனை அளந்திருக்காங்க. பல்செட்காரங்க நம்ம அளவுக்கு அரைக்க பல மடங்கு தடவை மெல்லணுமாம். தாத்தா மெதுவா சாப்பிடலை மக்களே, நாங்கதான் அவசரப்பட்டோம்.

இப்போ காய் பொடிசா நறுக்கறோம். முன்பல்லால கடிச்சு இழுக்காம, ரெண்டு பக்கமும் சமமா வெச்சு மெல்றார். ராத்திரி கழட்டி தண்ணியில போட்டுடறார். முக்கியமா, அவர் முடிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கறதில்லை.

போன வாரம் கடலை உருண்டை கேட்டார். உரல்ல இடிச்சுக் கொடுத்தேன். அரை மணி நேரம் மென்னுட்டு, "வெல்லம் கொஞ்சம் கம்மிடா"ன்னார்.

உங்க வீட்டுப் பெரியவங்க தட்டுல மிச்சம் வெச்சா, பசிக்கலைன்னு சொல்றதை மட்டும் நம்பிடாதீங்க.