மார்தினிக்கில் மதராஸ் துணி

ஃபோர்-து-பிரான்ஸ், மார்தினிக்

அன்புள்ள நண்பருக்கு,

இத்தீவில் கட்டம் போட்ட ஒரு துணிக்கு மதராஸ் என்று பெயர். நம்மூர்க் கைலியில் பார்த்துப் பழகிய அதே சிவப்பும் மஞ்சளும் பச்சையும்தான். பழந்துணியைப் புது உடுப்பாக்கும் வடிவமைப்பாளர்கள் இப்போது காலனி வரலாற்றையும் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தப் பேச்சில் இந்தத் துணி காலனி வணிகம் விட்டுச்சென்ற சரக்காக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பது என் கட்சி. நெய்தவர்களும் உடுத்தியவர்களும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே, சேர்ந்து ஆக்கிய கலை இது.

சோழமண்டலக் கரையின் துணிகளை ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பலேற்றின. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கவும் இந்தியத் துணியைக் கொடுத்தார்கள். அப்படி வாங்கப்பட்டவர்களின் வழிவந்த பெண்கள் இங்கே அதைத் தலைக்கட்டாக்கினார்கள். 1887இல் இத்தீவுக்கு வந்து தங்கிய எழுத்தாளர் லஃப்காடியோ ஹெர்ன் ஒரு தொழிலைப் பதிவுசெய்திருக்கிறார். நெய்த மஞ்சள் போதாதென்று, மஞ்சள் நிறப்பொடியைப் பிசினில் குழைத்து, கோடு பிசகாமல் தூரிகையால் கட்டம் கட்டமாகத் தீட்டுவார்கள். அதற்கென்றே பெண்கள் இருந்தார்கள். நைஜர் கழிமுகத்தின் கலபரிப் பெண்கள் செய்தது நேர்மாறு. அதே வகைத் துணியில் வேண்டாத நூல்களை அறுத்து, ஒவ்வொன்றாக உருவியெடுத்து, நெசவாளி நினைத்தும் பாராத கோலத்தை வரவழைத்தார்கள். ஒரு கரை வண்ணத்தைக் கூட்டியது, மறுகரை நூலைக் குறைத்தது. வாங்கியதை அப்படியே உடுத்தவில்லை இருவரும். இத்தீவில் அடிமைமுறை ஒழிந்தது 1848இல். புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாக வரத் தொடங்கியது 1853இல். துணி அவர்களுக்கு முன்பே வந்துவிட்டது.

அடிமை வணிகத்தின் சரக்கை அழகென்று கொண்டாடலாமா என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பெண்களின் கைவேலையை மறைத்துவிட்டால் வரலாற்றில் மிஞ்சுவது வியாபாரி மட்டும்தான். வணிகத்தின் கொடுமையையும் அவர்களின் திறனையும் ஒரே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொரு மறுப்பு விலையைப் பற்றியது. கைத்தறி கட்டுப்படியாகாது, அச்சடித்த துணி எல்லோருக்கும் எட்டும் என்பார்கள். எட்டும்தான், அன்றாடம் அதை உடுத்துபவர்களை நான் குறை சொல்லமாட்டேன். என் வாதம் ‘நீடித்த ஆடை’ என்று விலை வைத்து விற்பவர்களோடு. துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். பாவிலும் ஊடையிலும் சாயநூல் ஓடினால் இரு பக்கமும் ஒரே கட்டம். அச்சென்றால் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும். அச்சுத் துணியை வைத்துக்கொண்டு நெசவின் வரலாற்றை விற்பது சரியில்லை. அவர்கள் காட்டும் மறுசுழற்சிக் கணக்கு எத்தனை துல்லியமாக இருந்தாலும், தறியில் உட்கார்ந்தவருக்கு என்ன கூலி போனது என்பது அதில் இல்லையென்றால் அது அரைக்கணக்கு.

உங்கள் மாணவர்களுக்கு மதராஸ் துணியைக் காட்டும்போது, கலபரிப் பெண்கள் நூல் உருவிய துணியின் படத்தையும் பக்கத்தில் வையுங்கள். துணி வாங்கப் போகிற இடத்தில் நெய்த ஊரையும் நெசவுக் கூலியையும் கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நண்பன்